சூரைச்செடி நிழல்



போன மே மாதம் ஒரு திங்கட்கிழமை, பங்குச்சாமியார் காணாமல் போய்விட்டார் என்று நம் ஊரில் ஒரு பேச்சு ஓடியது. அன்று மாலைத் திருப்பலி நடக்கவில்லை. அன்பியக் கூட்டத்துக்கும் நான் வந்து சேரவில்லை. மறுநாள் கேட்டவர்களிடமெல்லாம் "சைக்கிள் பஞ்சர்" என்று சொல்லிச் சமாளித்தேன். அது பொய்யில்லை, பாதி உண்மை. மீதிப் பாதியை இன்று சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் கழித்து இதை ஏன் எடுக்கிறேன் என்றால், இன்றைய முதல் வாசகத்தில் ஒரு செடியின் பெயர் வருகிறது. போன வாரம் மறையுரைக்குக் குறிப்பு எடுக்க உட்கார்ந்தபோது அந்தப் பெயரைப் பார்த்துப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

என்னிடம் இருக்கும் மவுண்டன் பைக்கை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நம் பங்குப் பையன் ஒருவன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும்போது விட்டுச் சென்றது. தடித்த டயர், முன்னால் குலுக்கல் தாங்கும் போர்க், இருபத்தேழு கியர். ஓட்டத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. நாற்பத்தேழு வயதில் சாமியாருக்கு எதற்கு இந்த வேலை என்று பெண்கள் பக்கத்து வரிசையில் பேசிக்கொள்வது எனக்கும் கேட்கத்தான் செய்கிறது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை வெளியே சொன்னதில்லை. வாரத்தில் ஆறு நாள் யாராவது ஒருவருக்கு நான் தேவைப்படுகிறேன். ஒரு நாளாவது யாரும் எனக்குத் தேவைப்படாத இடத்துக்குப் போக வேண்டும் என்று ஓர் ஆசை. தேவைப்படாத இடம்! அந்த ஆசையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கத்திரி வெயில் தொடங்கி ஒரு வாரம். காலை நாலரை மணிக்கு சரக்கு ஆட்டோவில் சைக்கிளை ஏற்றிக்கொண்டிருந்தேன். உபதேசியார் அண்ணன் தூக்கம் கலையாத கண்ணோடு வந்து நின்றார். கையில் இரண்டு பெரிய தண்ணீர் பாட்டில். "ஃபாதர், வெயில் கொளுத்துது. இதையும் வச்சுக்கோங்க. இல்லேன்னா நான் டிவிஎஸ்ல பின்னாலயே வந்துர்றேன்" என்றார். சைக்கிளில் ஏற்கெனவே இரண்டு சின்ன பாட்டில் இருக்கிறது, போதும் என்றேன். அவர் தயங்கி நின்றார். "அண்ணே, நான் என்ன சின்னப் பையனா?" என்றும் கேட்டுவிட்டேன். அவரை வாசலில் விட்டுவிட்டுப் போனேன்.

இன்றைய முதல் வாசகத்தில் வரும் இறைவாக்கினர் எலியாவும் அப்படித்தான் செய்தார். வாசகம் தொடங்குவதற்கு ஒரு வசனத்துக்கு முன்னால் அது இருக்கிறது, அதனால் இன்று நம் காதில் விழவில்லை. அரசி ஈசபேலுக்குப் பயந்து வடக்கே இஸ்ரயேலிலிருந்து தெற்கே பெயேர்செபா வரைக்கும் ஓடி வந்தார். நேர்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் கூட ஒரு பணியாள் வந்திருக்கிறான். பாலைநிலத்தின் விளிம்புக்கு வந்ததும் அவனை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாக ஒரு நாள் வழி நடக்கிறார். ஏன் விட்டுவிட்டுப் போனார் என்று விவிலியம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று தோன்றுகிறது. நாம் உடைந்துபோவதை நம்மை நம்புகிறவன் பார்க்கக் கூடாது.

அன்று நான் போன கொல்லிமலை உங்களில் பலர் போன இடம். ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்குக் குடும்பத்தோடு போய், ஆகாய கங்கையில் குளித்து, மிளகும் அன்னாசியும் வாங்கித் திரும்பியிருப்பீர்கள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போகும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எத்தனையாவது வளைவு என்று பலகை இருக்கும். பேருந்தில் போகிறவருக்கு அந்த எண் வாந்தியை அடக்கிக்கொள்ள ஒரு ஆறுதல். மிதித்து ஏறுகிறவனுக்கு அது செபமாலை மணி. ஒன்றை விட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டியதுதான். முன்பக்கம் சின்னப் பல்சக்கரம், பின்பக்கம் பெரிய பல்சக்கரம் போட்டுக்கொண்டால் நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஏறலாம். மூங்கில் புதர்களுக்கு நடுவே காலை வெயில் விழுந்துகொண்டிருந்தது. மேலே போகும் பேருந்து ஒன்றிலிருந்து ஒரு பையன் தலையை நீட்டிக் கைதட்டினான். அடடா என்று இருந்தது எனக்கு.

இந்த வளைவுகள் எதுவும் இல்லாத காலத்தில் மேலே ஏறியவர்களை அப்போது நினைத்துக்கொண்டேன். ஜெசி பிராண்ட், எவலின் பிராண்ட் என்று ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, 1913-இல் இந்த மலைக்கு வந்தார்கள். நம் திருஅவையைச் சேர்ந்தவர்கள் அல்லர், பாப்டிஸ்ட் சபையினர். நல்லவர்களைச் சொல்லும்போது சபைக் கணக்குப் பார்க்க வேண்டாம். வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திக் கொடுத்தாரே டாக்டர் பால் பிராண்ட், அவர் இவர்களுடைய மகன். இந்த மலையில் ஓடி விளையாடி வளர்ந்தவர். ஜெசி 1929-இல் கருநீர்க் காய்ச்சலில் இறந்துபோனார். எவலினுக்கு அறுபத்தெட்டு வயது ஆனபோது மிஷன் ஓய்வு கொடுத்தது. அந்த அம்மா ஊருக்குத் திரும்பாமல் மலையிலேயே இருந்துவிட்டார். கொல்லிமலை, கல்வராயன்மலை என்று மலை மலையாக மட்டக்குதிரையில் போனார். பலமுறை விழுந்தார், எலும்பு முறிந்தது, மறுபடியும் ஏறிப் போனார். 1974-இல் தொண்ணூற்றைந்து வயதில் இறந்து, இந்த மலையிலேயே கணவருக்குப் பக்கத்தில் அடக்கமானார்.

முப்பதாவது வளைவில் மூச்சு வாங்கிக்கொண்டு இதை நினைத்தபோது எனக்கு வந்த எண்ணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தக் கிழவி தனியாகக் குதிரையில், நான் தனியாகச் சைக்கிளில், ஒரே பரம்பரை என்று நினைத்துக்கொண்டேன்.

பரம்பரைப் பெருமை நாற்பத்துச் சொச்சம் வளைவு வரைதான் நீடித்தது. ஒரு வளைவில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓரமாக ஒதுங்கிய நேரத்தில், கைப்பிடியில் தொங்கிய பையைக் குரங்கு அவிழ்த்துவிட்டது. உள்ளே ஆறு வாழைப்பழமும் கடலைமிட்டாயும் இருந்தன. தடுப்புச் சுவர்மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக உரித்துத் தின்றது. கெரீத்து ஓடையருகே எலியாவுக்குக் காகங்கள் அப்பம் கொண்டுவந்து கொடுத்தன. எனக்குக் குரங்கு வந்து எடுத்துக்கொண்டு போனது. இறைவாக்கினருக்கும் பங்குச்சாமியாருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

மேலே சோளக்காட்டில் சாப்பிட்டிருக்கலாம். கடையில் இட்லி ஆவி பறந்தது. செம்மேடு தாண்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டேன். அதுவரை தப்பு ஒன்றும் பெரிதில்லை. பிறகு தார்ச்சாலையை விட்டுக் கிழக்குச் சரிவில் இறங்கும் ஒரு மண் தடத்தில் சைக்கிளைத் திருப்பினேன். மலை என்றால் குளிர்ச்சி என்று நாம் நினைக்கிறோம். சில்வர் ஓக்கும் பலாவும் மிளகுக்கொடியும் இருக்கிற வரைக்கும்தான் அது. துறையூர்ப் பக்கம் பார்த்த சரிவில் மரம் குறைந்துகொண்டே வந்து, பாறையும் சரளையும் முள்ளும் மட்டும் மிஞ்சும். பதினொரு மணிக்குப் பாறை சூடேறிவிட்டால் வெயில் மேலிருந்து ஒரு தரம், கீழிருந்து ஒரு தரம் அடிக்கும்.

இறக்கத்தில் பின்சக்கரம் மெத்தென்று ஆனது. பஞ்சர். மாற்று டியூப் ஒன்று வைத்திருந்தேன். கழற்றி மாட்டிக் காற்றடித்து இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டேன். ஒரு கிலோமீட்டர் போயிருக்க மாட்டேன், மறுபடியும் அதே மெத்து. சைக்கிள் கடைப் பையன்கூடச் செய்யாத தப்பு அது. டியூபை மாற்றும் முன்னால் டயரின் உள்பக்கத்தில் விரலை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். முள்ளின் நுனி உள்ளேயே நின்று புது டியூபையும் குத்திவிட்டது. ஒட்டுப்போடலாம் என்று சொல்யூஷன் டியூபைத் திறந்தால் அது எந்தக் காலத்திலோ காய்ந்து கட்டியாகியிருந்தது. கைப்பேசியில் சிக்னல் இல்லை. இரண்டு சின்ன பாட்டிலில் ஒன்று காலி, மற்றதில் அடியில் இரண்டு வாய்த் தண்ணீர். அது வெந்நீர்.

வந்த வழியே ஏறித் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான் என்று தள்ளினேன். எவ்வளவு நேரம் என்று நினைவில்லை. முதலில் தொடை பிடித்துக்கொண்டது. கறுப்புச் சட்டையில் வியர்வை காய்ந்து உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அப்புறம் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். கை சிலிர்த்திருந்தது, அந்த வெயிலில். வியர்வை நின்றுபோயிருந்தது. உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்வதைக் கைவிட்டால் வரும் அடையாளம் அது என்று படித்திருக்கிறேன். படித்தது நினைவுக்கு வந்ததே தவிர, பயம் வரவில்லை. எதைப் பற்றியும் அக்கறையில்லாத ஒரு சோர்வு வந்தது. ஒரு பட்ட மரத்தின்மேல் ஏதோ முட்கொடி படர்ந்து, கீழே சல்லடையால் சலித்த மாதிரி கொஞ்சம் நிழல் விழுந்திருந்தது. அதில் தலையை மட்டும் நுழைத்துப் படுத்துக்கொண்டேன். இப்படியே தூங்கிவிட்டால் என்ன என்று நினைத்தேன். அது தூக்கத்தைப் பற்றிய நினைப்பு மட்டும்தானா என்று இன்றுவரைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

ஆட்டின் மணிச் சத்தம் கேட்டுக் கண் திறந்தேன். "எந்திரி சாமி, எந்திரி" என்று ஒரு குரல். கையில் தொரட்டிக்கோலோடு ஒரு பாட்டி. இந்த மலங்காட்டில்கூட என்னைச் சாமியார் என்று அடையாளம் தெரிகிறதே என்று, அந்த நிலையிலும், எனக்குள் ஒரு சின்னப் பெருமிதம். அடுத்த நிமிடம் பாட்டி ஓர் ஆட்டுக்குட்டியைப் பார்த்து, "அங்க போகாத சாமி, இங்க வா" என்றாள். நம் பக்கத்துக் கிழவிகளுக்கு எல்லாரும் சாமிதான் என்பதை மறந்துவிட்டேன்.

"தண்ணி குடிக்கிறியா சாமி?"

"வேண்டாம் பாட்டி. பரவாயில்ல."

சத்தியமாக இதைத்தான் சொன்னேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, வாயில் வருவது 'பரவாயில்லை'. உபதேசியார் அண்ணனிடம் சொன்னதும் இதுதான், இட்லிக் கடையைப் பார்த்து மனசுக்குள் சொன்னதும் இதுதான்.

"பரவாயில்லங்கிற மூஞ்சியா இது?" என்று கேட்டுவிட்டுப் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்தாள். தூக்குவாளியில் கேழ்வரகுக் கூழ் கரைத்து வைத்திருந்தாள். மூடியைத் திறந்தவள் சற்று நின்றாள். "எங்க ஏனத்துல குடிப்பியா? இல்ல, கையில ஊத்தட்டுமா?" என்றாள்.

அன்பர்களே, அந்தக் கேள்வியின் பின்னால் எத்தனை தலைமுறை நிற்கிறது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்த மண்ணில் யார் யாருக்குக் கையில் ஊற்றினார்கள், யாருக்குக் கொட்டாங்குச்சியில் கொடுத்தார்கள், எந்தக் கடையில் எத்தனை வகை டம்ளர் இருந்தது என்பதெல்லாம் நம் கோவில் கல்லறைத் தோட்டத்துக்குக்கூடத் தெரிந்த கதை. சாவின் விளிம்பில் கிடக்கிறவனிடம், தன் பாத்திரம் அவனுக்கு ஆகுமா என்று ஒரு தாய் கேட்க வேண்டியிருக்கிறது. சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்டபோது அவள் ஏன் திகைத்தாள்? யூதர்கள் சமாரியரோடு பழகுவதில்லை என்று யோவான் அந்த இடத்தில் ஒரு விளக்கம் தருகிறார். அங்கே வரும் கிரேக்கச் சொல்லுக்கு, ஒரே பாத்திரத்தில் புழங்குவதில்லை என்றும் பொருள் உண்டு என்பார்கள் அறிஞர்கள். நண்பகல் வெயில், நடந்து களைத்த மனிதர், கையில் பாத்திரம் இல்லை, கிணறோ ஆழம். அவர் 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை. கேட்டார்.

"ஏனத்துலயே குடுங்க பாட்டி" என்றேன். இரண்டு கையையும் நீட்டினேன். கை நடுங்கியதால் அவளும் வாளியை விடாமல் பிடித்துக்கொண்டாள். கூழில் உப்பு தூக்கலாக இருந்தது. உடம்பு கேட்டது அந்த உப்பைத்தான். ஒரு மடக்கு குடித்ததும், "மொள்ள, மொள்ள" என்று வாளியை இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் படுக்கச் சொன்னாள். கண்ணை மூடினேன். எழுப்பி மறுபடியும் குடிக்க வைத்தாள். இரண்டு முறை. போன வாரம் வாசகத்தைப் படித்தபோது என் கை நின்றது இந்த இடத்தில்தான். வானதூதர் எலியாவை இரண்டு முறை தட்டி எழுப்புகிறார்.

டயரைக் குத்திய முள்ளை எடுத்துக் காட்டினேன். பாட்டி பார்த்துவிட்டு, தலைக்குமேல் படர்ந்திருந்த கொடியைக் கோலால் தட்டினாள். "சூரை முள்ளு. இதுதான் உன் வண்டியக் குத்துனது, இதுதான் நெழலும் குடுக்குது" என்று சிரித்தாள்.

எலியா போய் உட்கார்ந்தது எந்தச் செடியின் அடியில் என்று இப்போது வாசகத்தில் பாருங்கள். சூரைச்செடி. எபிரேயத்தில் 'ரோத்தம்' என்று இருக்கிறது. அது பாலைநிலத்தில் வளரும், இலை மிகக் குறைந்த, முள்ளில்லாத வேறொரு புதர். தமிழில் மொழிபெயர்த்தவர்கள், நம் வறண்ட காட்டில் அதற்கு ஈடாக என்ன இருக்கிறது என்று தேடிச் சூரையைப் போட்டிருக்கிறார்கள். தாவரவியல் படித்தவர்கள் தப்பு என்பார்கள். அந்த நிழலில் படுத்த எனக்கு அது சரியான மொழிபெயர்ப்பு. பழைய மொழிபெயர்ப்பில் வானதூதர் கொண்டுவந்த அப்பத்துக்கு 'அடை' என்ற சொல் இருக்கிறது. அதுவும் எனக்குப் பிடிக்கும். வானத்திலிருந்து வந்தது நம் வீட்டு அடுப்பில் சுட்டது மாதிரி இருக்கிறது.

இனி எலியாவிடம் போவோம். கர்மேல் மலையில் நானூற்றைம்பது பொய்வாக்கினருக்கு எதிராகத் தனி ஆளாக நின்றவர் அவர். சில நாட்களிலேயே உயிர் வேண்டாம், எடுத்துக்கொள்ளும் என்று கடவுளிடம் கேட்கிறார். வெற்றிக்குப் பின்னால் வரும் சோர்வு தோல்வியின் சோர்வைவிடக் கொடியது, அதை யாரிடமும் சொல்ல முடியாது. கடவுள் என்ன செய்தார்? திட்டவில்லை. உனக்கு விசுவாசம் போதாது என்று சொல்லவில்லை. புத்திமதி ஒன்றுகூட இல்லை. தூங்கவிட்டார், சாப்பாடு கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டார், மறுபடி சாப்பாடு கொடுத்தார். பேச்செல்லாம் அதற்குப் பிறகு, ஓரேபு மலையில். சாவைப் பற்றிப் பேசுகிற பிள்ளையிடம், கணவனிடம், மாணவனிடம் நாம் செய்வது இதற்கு நேர் எதிர். வாயைத் திறந்ததும் பிரசங்கம். நானும் செய்திருக்கிறேன், அதுவும் இதே அங்கியைப் போட்டுக்கொண்டு. கோவில் வாசல் பலகையில் 14416 என்று ஓர் எண் எழுதியிருக்கிறோம். அரசின் மனநல உதவி எண் அது. எழுதிவைத்து இத்தனை நாளில் அது என்ன எண் என்று என்னிடம் கேட்டவர்கள் இரண்டே பேர். மற்றவர்களுக்குத் தேவையில்லை என்று நான் நினைக்கவில்லை. மற்றவர்களும் 'பரவாயில்லை' என்று சொல்லிக்கொண்டு இருக்கிறார்கள்.

எலியா தனியாகவே வாழ்ந்த ஆள் என்று ஒரு பேச்சு உண்டு. அவரே அப்படித்தான் முறையிடுகிறார், நான் ஒருவன்தான் மிச்சம் என்று. ஆனால் அவருடைய வயிற்றின் கணக்கை எடுத்துப் பாருங்கள். கெரீத்து ஓடையில் காகம் கொடுத்தது. யூத மரபில் காகம் தீட்டுப்பட்ட பறவை, அது கொண்டுவந்ததைத் தின்றார். சாரிபாத்தில் ஒரு கைம்பெண் கொடுத்தாள், அவள் பிற இனத்தாள், வீட்டில் ஒரு பிடி மாவுக்குமேல் இல்லாதவள். அவளிடம் இவரே வாய்விட்டுத் தண்ணீர் கேட்டார், அப்பமும் கேட்டார். இப்போது சூரைச்செடி. அரசன் ஆகாபை எதிர்க்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னாலும் பின்னாலும், கடவுள் இந்த முரட்டு மனிதரை வாங்கிச் சாப்பிடப் பழக்கிக்கொண்டே இருக்கிறார்.

நமக்கு இது கசக்கும். பள்ளிக்கூடத்தில் ஆத்திசூடி படித்த நாளிலேயே, பிறரிடம் ஏற்பது இழிவு என்று மனப்பாடம் செய்துவிட்டோம். என் அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா இட்லி விற்று எங்கள் மூன்று பேரையும் வளர்த்தாள். பக்கத்து வீட்டில் பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தால், அந்தக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கவே மாட்டாள். வீட்டில் ஒன்றும் இல்லாத அன்று ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுத்தனுப்புவாள். "எவன் வாசல்லயும் கையேந்தி நிக்கக் கூடாது" என்பது அவள் எனக்குக் கொடுத்த ஒரே வேதபாடம். அந்த வைராக்கியம் இல்லையென்றால் நான் இந்தப் பீடத்தில் நின்றிருக்க மாட்டேன், அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தப் பாடத்தோடு ஒரு கணக்குப் புத்தகமும் எனக்குள் வந்துவிட்டது. எது வந்தாலும் கடன். இரண்டு பாட்டில் தண்ணீர்கூடக் கடன்.

கொடுப்பது நமக்குக் கைவந்த கலை. நம் கோவிலில் உபயம் என்று பெயர் எழுதாத டியூப் லைட் ஒன்றைக் காட்டுங்கள், பார்ப்போம். சில லைட்டில் பெயரைத் தாண்டித்தான் வெளிச்சம் வர வேண்டும். வாங்குவதுதான் வரவில்லை. வின்சென்ட் தே பால் சபையார் இரவில் அரிசி கொண்டுபோனால், விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவதுபோல் இருந்த ஒரு வீடு எனக்குத் தெரியும். அந்த வீட்டில் அன்று உலை வைக்கவில்லை. மகள் குளிப்பாட்டிவிட வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளும் அப்பாக்கள் இருக்கிறார்கள். நெஞ்சு வலியை வாயுப்பிடிப்பு என்று சொல்லி அடக்கம் ஆனவர்கள் நம் கல்லறையிலேயே இருக்கிறார்கள்.

நற்செய்திக்கு வருகிறேன். ஐந்து ஞாயிறுகளுக்கு யோவான் ஆறாம் அதிகாரம்தான் ஓடும், இது மூன்றாவது. அப்பத்தைப் பற்றி ஐந்து வாரம் என்ன பேசுவது என்று நாங்கள் சாமியார்கள் புலம்புவது உங்களுக்குத் தெரியாது. இன்றைய பகுதியில் கூட்டம் முணுமுணுக்கிறது. எதற்காக? வானத்திலிருந்து அப்பம் வருவதை அவர்கள் மறுக்கவில்லை, மன்னா பொழிந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். யோசேப்பின் மகன்தானே, இவன் அப்பன் ஆத்தாளை நமக்குத் தெரியாதா என்பதுதான் அவர்கள் பிரச்சினை. வானத்திலிருந்து நேராக விழுந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார்கள். தெரிந்த வீட்டிலிருந்து, தச்சன் மகனின் கையிலிருந்து வந்ததால் தொண்டையில் இறங்கவில்லை. வானதூதர் வெள்ளை இறக்கையோடு வந்து குவளையை நீட்டியிருந்தால் நானும் மண்டியிட்டு வாங்கியிருப்பேன். உபதேசியார் அண்ணன் கைலியோடு வந்து நீட்டினார். அதனால் போதும் என்றேன்.

  

எவலின் அம்மாவை மறுபடி நினைத்துப் பார்த்தேன். முதுமையில் அவர் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றித்தான் நடந்தார். தொண்ணூறு வயதில், அந்த நிலையில் இருக்கிற ஒருவர், குதிரைமேல் தானாகவா ஏறியிருப்பார்? யாரோ ஒரு மலைக்காரர் கை கொடுத்திருக்க வேண்டும். யாரோ கஞ்சி கொடுத்திருக்க வேண்டும். நான் பரம்பரை கொண்டாடினேனே, அந்த அம்மா தனியாகப் போகவே இல்லை. மலை முழுக்க அவருக்குக் கை இருந்தது.

இன்னும் சற்று நேரத்தில் நீங்கள் எல்லாரும் வரிசையில் வருவீர்கள். இடது கையை மேலே வைத்து, வலது கையை அதன் கீழே தாங்கி நீட்டுவீர்கள். இந்தக் கைகளை இருபது வருடமாகப் பார்க்கிறேன். தறி ஓட்டிய கை, சுண்ணாம்பு அரித்த கை, மருதாணி போட்ட கை, வட்டிக்குக் கொடுக்கிற கை. எல்லாம் கையேந்தித்தான் வருகின்றன. கொடுக்கிற இடத்திலேயே நின்றுகொண்டிருந்ததால், அந்த வரிசையில் நிற்பது என்ன என்று நான் மறந்துபோயிருந்தேன்.

கதையை முடித்துவிடுகிறேன். வெயில் தாழ்ந்ததும் பாட்டியின் பேரன் வந்தான். சைக்கிளை அவன் தோளில் தூக்கிக்கொண்டான், நான் அவன் பின்னால் நடந்தேன். கிளம்பும் முன் என்னிடம் இருந்த பணத்தைப் பாட்டியிடம் நீட்டினேன். வேண்டாம் என்பாள் என்று எதிர்பார்த்தேன், சினிமாவில் அப்படித்தான் வரும். பாட்டி வாங்கிக்கொண்டாள். எண்ணிப் பார்த்தாள். சுருக்குப்பையில் போட்டு இறுக்கினாள். அப்புறம் சைக்கிளில் இருந்த பாட்டிலைக் காட்டி, "அந்தப் போத்தலயும் குடுத்துட்டுப் போ சாமி. எண்ணெ வாங்கியார ஆகும்" என்றாள். கேட்பதில் அவளுக்கு ஒரு கூச்சமும் இல்லை. இரண்டில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து, பங்களா வாசலில் நின்ற சைக்கிளில் இரண்டு புது பாட்டில் இருந்தது. பெரியது. உபதேசியார் அண்ணனிடம் எவ்வளவு ஆச்சு என்று கேட்டேன். அவர் காதில் விழாததுபோல் மணி அடிக்கப் போய்விட்டார். நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

எழுந்து நிற்போம். நம்பிக்கை அறிக்கை சொல்வோம்.